ஸ்காட்லாந்தின் ஷேல் எண்ணெய்த் தொழில்

எடின்பரோவுக்கு மேற்கே, லோதியன் வட்டாரத்தில் 1851 முதல் 1962 வரை நடந்த தொழில். எண்ணெய்க் களிப்பாறையில் (ஷேல்) உள்ளது எண்ணெயன்று; கெரோஜென் என்னும் திடப்பொருள். பாறையை வெட்டி, உடைத்து, காற்றுப் புகாத வாலையில் சுட்டால் கெரோஜென் சிதைந்து ஆவியாகும்; ஆவி குளிர்ந்து எண்ணெயாகும். கிணற்றெண்ணெய்க்கு இல்லாத இந்தச் செலவே தொழிலின் போக்கை முடிவு செய்தது.

பிரான்சின் ஓதுன் பகுதியில் 1830களிலேயே பாறையிலிருந்து எண்ணெய் வடித்தனர். ஆகவே முன்னோடி என்ற பட்டம் ஜேம்ஸ் யங்குக்கு உரியதா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 1850இல் காப்புரிமை பெற்ற யங், மறு ஆண்டு பாத்கேட்டில் ஆலை தொடங்கினார். அவர் பயன்படுத்திய டார்பேன்ஹில் கனிமம் டன்னுக்கு ஏறத்தாழ 120 கேலன் எண்ணெய் தந்தது. அது நிலக்கரிதானா என்று 1853இல் எடின்பரோவில் வழக்கு நடந்தது. அறிவியலாளர்கள் இரு தரப்பிலும் சாட்சி சொன்னார்கள். நடுவர் குழு நிலக்கரி என்றது; நிலவியலாளர் வாதம் அத்துடன் ஓயவில்லை.

காப்புரிமை 1864இல் காலாவதியானதும் புது ஆலைகள் பெருகின. ஆனால் வளமான கனிமம் தீர்ந்துவந்தது. எஞ்சிய ஷேலில் டன்னுக்கு இருபது முப்பது கேலனே கிடைத்தது. 1859இல் பென்சில்வேனியாவில் டிரேக் தோண்டிய கிணற்றைத் தொடர்ந்து பெருகிய அமெரிக்க மண்ணெண்ணெய் விலையைச் சரித்தது. பல நிறுவனங்கள் மூடப்பட்டன.

தப்பியவற்றைக் காத்தவை துணைப்பொருள்கள். பாரஃபின் மெழுகு மெழுகுவத்தியானது. பாறையிலிருந்த நைட்ரஜன், வாலைக்குள் நீராவியைச் செலுத்தியபோது அம்மோனியாவாகி, அம்மோனியம் சல்பேட் உரமாக விற்றது. நார்மன் ஹெண்டர்சன் 1873இல் அமைத்த வாலையில் எண்ணெய் வடிந்த சக்கையே அடுப்புக்கு எரிபொருளாக விழுந்தது. எரிபொருள் செலவை இவ்வளவு எளிதாகக் குறைத்த அமைப்பு இத்தொழிலில் வேறு இருந்ததாகத் தோன்றவில்லை. 1913இல் வெட்டப்பட்ட ஷேல் 30 லட்சம் டன்னைத் தாண்டியது.

1919இல் எஞ்சிய நிறுவனங்கள் ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய்க் கம்பெனியின் கீழ் ஸ்காட்டிஷ் ஆயில்ஸ் என இணைந்தன. செயற்கை உரம் பரவவே அம்மோனியா வருவாயும் சுருங்கியது. பிற்காலத்தில் உள்நாட்டு எண்ணெய்க்குக் கிடைத்த வரிச் சலுகையே முக்கிய ஊன்றுகோல். 1947இல் பர்ன்கிரேஞ்ச் சுரங்க விபத்தில் 15 பேர் இறந்தனர். 1962இல் தொழில் நின்றது.

எரிந்து சிவந்த சக்கைக் குன்றுகளிலிருந்து சாலைக்கு நிரப்புமண் எடுக்கப்பட்டது. மேற்கு கால்டருக்கு அருகிலுள்ள ‘ஐந்து சகோதரிகள்’ குன்றுகள் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்.