ஒரு தாளைச் சுருட்டிச் செய்த குரல்

2001-ல் யமஹா நிறுவனம் தன் ஸ்பீக்கர்களில் ஒன்றைத் தயாரிப்பதை நிறுத்தியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் கொஞ்சம் விசித்திரமானது. அந்த ஸ்பீக்கரின் கோன் செய்யத் தேவையான மரக்கூழ் இனிமேல் கிடைக்காது என்றார்கள். காந்தம் கிடைக்கும், செம்புக் கம்பி கிடைக்கும், பெட்டி செய்யும் பலகையும் கிடைக்கும். காகிதம் மட்டும் கிடைக்காது. வேறு காகிதம் போட்டால் என்ன? போடலாம்தான், ஆனால் அது அதே ஸ்பீக்கராக இருக்காது. அதனால் கடையைக் கட்டிவிட்டார்கள்.

அந்த ஸ்பீக்கரின் பெயர் என்எஸ்-10எம். கருப்புப் பெட்டி, அதன் நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோன். ஒலிப்பதிவுக் கூடங்களின் புகைப்படங்களில் மிக்ஸிங் மேஜை மீது அநேகமாக உட்கார்ந்திருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இன்னது என்று தெரியாமலே.

ஒரு தாளுக்காக ஏன் இத்தனை பிடிவாதம் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*

1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை வீட்டு ரேடியோவின் ஒலி, கிராமபோன் போலவே ஒரு புனல் வழியாகத்தான் வரும். சின்ன உலோகத் தகடு அதிரும், புனல் அதைப் பெரிதாக்கும். யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். ரைஸும் கெல்லாக்கும் புனலைத் தூக்கிப் போட்டார்கள். ஒரு காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள், அந்தச் சுருளில் ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. மின்சாரம் ஏறி இறங்கும்போது சுருள் முன்னும் பின்னும் போகும், கூம்பு அதோடு சேர்ந்து காற்றைத் தள்ளும். அடுத்த ஆண்டே அது ரேடியோலா 104 என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்று உங்கள் மேஜையில் இருக்கும் ஸ்பீக்கரும் அடிப்படையில் அதேதான். நூறு வருஷமாக ஆட்கள் மல்லுக்கட்டியதில் பெரும்பகுதி, அந்தக் கூம்பை எதனால் செய்வது என்ற கேள்வியோடுதான்.

கேள்வி எளிமையானது. கூம்பு மூன்று விதமாக இருக்க வேண்டும். ஒன்று, லேசாக இருக்க வேண்டும். கனமானதை ஆட்ட அதிக சக்தி வேண்டும். இரண்டு, விறைப்பாக இருக்க வேண்டும். கழுத்தில் சுருள் தள்ளும்போது விளிம்பும் அதே நொடியில் நகர வேண்டும். மூன்று, தனக்கென்று குரல் இருக்கக் கூடாது. பித்தளைச் சொம்பைத் தட்டினால் கணீரென்று நீண்டு ஒலிக்கிறது. அட்டைப் பெட்டியைத் தட்டினால் தொப்பென்று அடங்கிவிடுகிறது. ஸ்பீக்கருக்குச் சொம்பின் விறைப்பும் வேண்டும், அட்டையின் அடக்கமும் வேண்டும். இரண்டும் ஒரே பொருளில் வாய்ப்பது அபூர்வம்.

தாழ்ந்த சுருதிகளில் எந்தக் கூம்பும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும். முழுதாக முன்னே போகும், முழுதாகப் பின்னே வரும். சுருதி ஏற ஏற நிலைமை மாறுகிறது. கழுத்திலிருந்து கிளம்பும் அலை விளிம்பைத் தொட்டுத் திரும்பி வருகிறது. கூம்பின் ஒரு பகுதி முன்னே போகும்போது இன்னொரு பகுதி பின்னே போகிறது. பொறியாளர்கள் இதைக் கூம்பு ‘உடைவது’ என்பார்கள். நிஜமாகக் கிழிவதில்லை, ஒரே உடம்பாக இருந்தது பல துண்டுகளாக ஆடத் தொடங்குகிறது, அவ்வளவுதான். சங்கடம் என்னவென்றால், ஆறு எட்டு அங்குலக் கூம்புகளில் இது பெரும்பாலும் மனிதக் குரல் குடியிருக்கும் பகுதியிலேயே நடக்கிறது. நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் அதுதான்.

இதில் நமக்கு அந்நியமானது எதுவும் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே கருப்பு வட்டமாகக் கரணை வைக்கிறார்களே, அது எதற்கு? வெறும் தோலைத் தட்டினால் ஒன்றோடொன்று சேராத அதிர்வுகள் கூச்சலாக வரும். கரணையின் எடை அவற்றை இழுத்துப் பிடித்துச் சுருதிக்குள் நிற்க வைக்கிறது. சி.வி.ராமன் 1920-லேயே இதைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். ஸ்பீக்கர் செய்பவர்களும் கூம்பின் மேல் பசை பூசுகிறார்கள். ஆனால் நோக்கம் நேர் எதிரானது. மிருதங்கக்காரருக்குத் தோலின் குரல் அழகாக வேண்டும். ஸ்பீக்கர்காரருக்கு அந்தக் குரலே வேண்டாம்.

காகிதம் இந்த வேலைக்கு ஆச்சரியமான அளவு பொருந்தியது. லேசு, ஓரளவு விறைப்பு. நார்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும். ஆனால் அதற்கு ஒரு குணக்கேடு உண்டு: ஈரம் குடிக்கும். மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி. ஒரு தொட்டிக் கூழில் செய்த கூம்பும் அடுத்த தொட்டிக் கூழில் செய்த கூம்பும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதில்லை. வீட்டில் ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவருக்கு?

*

பி.பி.சி.க்குப் பிரச்சினையாக இருந்தது. ஒரு நிகழ்ச்சியை லண்டன் ஸ்டுடியோவில் ஒருவர் கேட்டுச் சரிசெய்கிறார். இன்னோர் ஊரில் இன்னொருவர் அதையே வேறு ஸ்பீக்கரில் கேட்டு வேறு விதமாகச் சரிசெய்கிறார். யார் காதை நம்புவது? சர்ரேயில் கிங்ஸ்வுட் வாரன் என்ற பழைய மாளிகையில் பி.பி.சி.யின் ஆராய்ச்சித் துறை இருந்தது. 1960களில் அங்கே டட்லி ஹார்வுட் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் காகிதத்துக்கு மாற்றுத் தேடினார்கள்.

அவர்கள் சோதித்த முறை இன்றைக்கும் பிடிக்கிறது. கருவிகளால் அளப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்டுடியோவில் ஒருவர் பேசுவார். பக்கத்து அறையில் அந்தக் குரலை ஸ்பீக்கரில் கேட்பார்கள். பிறகு எழுந்து போய் அதே ஆளை நேரில் கேட்பார்கள். இசையில் ஏமாறலாம், அந்த வயலினை நாம் நேரில் கேட்டிருக்க மாட்டோம். தினமும் கூட வேலை செய்பவரின் குரலில் ஏமாற முடியாது. சளி பிடித்திருந்தால்கூடத் தெரியும்.

கடைசியில் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்கில் வந்து நின்றார்கள். தாளாக வரும் பாலிஸ்டைரீன் வகை. சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் கூம்பாக அமர்ந்துவிடும். ஈரம் குடிக்காது. நூறாவது கூம்பும் முதல் கூம்பு போலவே இருக்கும். குறையும் உண்டு. தானாக அடங்காது, மேலே பசை பூசியாக வேண்டும். பூசினால் கனமாகும், கனமானால் சத்தம் குறையும். பரவாயில்லை என்றார்கள். குரல் சரியாக இருந்தது.

அந்தத் துறையிலேயே வேலை பார்த்த ஸ்பென்சர் ஹ்யூஸ், கைக்குக் கிடைத்த பொருட்களை வைத்துச் சொந்தமாகவே ஓர் உறிஞ்சு இயந்திரம் கட்டிக் கூம்பு செய்து பழகினார். 1969-ல் ஸ்பெண்டார் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். ஸ்பென்சர், மனைவி டோரத்தி, இரண்டு பெயரையும் ஒட்டி வைத்த பெயர். அரசு ஒலிபரப்பின் ஆராய்ச்சி இந்த வழியாகத்தான் வீடுகளின் வரவேற்பறைக்குள் நுழைந்தது.

இந்தக் கதையின் நாயகன் ஒரு குட்டிப் பெட்டி: எல்எஸ்3/5ஏ. ஓரடி உயரம். வெளியூர் ஒலிபரப்பு வேன்களுக்குள் வைப்பதற்காகச் செய்தது. கெஃப் நிறுவனத்தின் ஐந்தங்குல பெக்ஸ்ட்ரீன் கோனும், பாலியஸ்டர் தாளில் செய்த டுவீட்டரும் அதற்குள் இருந்தன. பேஸ் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் அதில் ஒருவர் பேசினால், அவர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது போல இருக்கும் என்று அதன் அடிமைகள் இன்றும் சொல்கிறார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பெயரின் கடைசியில் உள்ள ‘ஏ’ ஏன் வந்தது? முதலில் எல்எஸ்3/5 என்றுதான் செய்தார்கள். அடுத்த தொகுதிக்கு ஸ்பீக்கர் உறுப்புகள் வாங்கினால் அவை பழையவற்றோடு ஒத்துப்போகவில்லை. தயாரிப்பில் ஏதோ மாறியிருந்தது. மறுபடி உட்கார்ந்து வடிவமைப்பையே திருத்தினார்கள். 1987-ல் இன்னொரு முறையும் இதே காரணத்துக்காகத் திருத்த வேண்டி வந்தது. காகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று பிளாஸ்டிக்கிடம் ஓடியவர்கள், பிளாஸ்டிக்கும் மாறும் என்று கண்டார்கள்.

ஹார்வுட் அதோடு நிற்கவில்லை. அரிசி மூட்டைக்கான சாக்கு நெய்கிறார்களே, அந்த பாலிப்ரொப்பிலீனில் கூம்பு செய்தார். லேசானது, பசை பூசாமலே அடங்கும். ஒட்டுவதுதான் பெரும்பாடு, எந்தப் பசையும் அதன் மேல் சுலபத்தில் பிடிக்காது. அதையும் தாண்டி 1977-ல் ஹார்பெத் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பெயரில் பாதி, மனைவி எலிசபெத் பெயரில் பாதி. 1980களில் வீட்டு ஸ்பீக்கர்களில் இந்தப் பிளாஸ்டிக் சர்வசாதாரணமாகிவிட்டது.

*

ஜப்பானில் யமஹா வேறு திசையில் யோசித்தது. பிரிட்டிஷ்காரர்கள் கூம்பு உடைவதை ஏற்றுக்கொண்டு, உடைந்தாலும் சத்தமில்லாமல் உடையட்டும் என்றார்கள். யமஹா, உடைவதையே காதுக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடலாம் என்றது. அதற்கு அசாத்திய விறைப்புள்ள பொருள் வேண்டும். 1974-ல் வந்த என்எஸ்-1000எம்-இல் நடுச்சுருதிக்கும் உச்சச் சுருதிக்கும் பெரிலியத்தில் குவிமாடங்கள் செய்தார்கள். பெரிலியம் அலுமினியத்தைவிட லேசு. ஆனால் அதற்குள் ஒலி, அலுமினியத்தில் ஓடுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். அதன் தூளைச் சுவாசித்தால் நுரையீரல் போய்விடும். அடித்து வளைக்கவும் வராது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைத்துத்தான் செய்தார்கள். ஸ்வீடன் வானொலி இதைத் தன் ஸ்டுடியோக்களில் வைத்துக்கொண்டது.

இதே வீட்டிலிருந்துதான் நான்கு வருஷம் கழித்து, 1978-ல், என்எஸ்-10எம் வந்தது. பெரிலியத்தை ஆவியாக்கத் தெரிந்த நிறுவனம் காகிதத்துக்குத் திரும்பியது. அதிலும் ஒரு வித்தியாசம். வழக்கமாகக் காகிதக் கூம்பைக் கூழிலிருந்து நேராக அச்சில் வார்ப்பார்கள். இதை அப்படிச் செய்யவில்லை. தட்டையான தாளை வெட்டி, வளைத்து, ஓரத்தை ஓரத்தோடு ஒட்டினார்கள். கடலைக்காரர் பொட்டலம் சுருட்டுவாரே, ஏறக்குறைய அதே கைவேலை. உற்றுப் பார்த்தால் ஒட்டிய தையல் தெரியும்.

வீட்டில் பாட்டுக் கேட்கத்தான் செய்தார்கள். வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பேஸ் குறைவு, நடுச்சுருதி தூக்கலாக முகத்தில் அறையும். ஆனால் ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் எடுத்துப் போனார்கள். இதில் கேட்டு நன்றாக இருந்தால் எதில் கேட்டாலும் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. டுவீட்டர் ரொம்பக் கூசுகிறது என்று சிலர் அதன் முன்னால் டிஷ்யூ பேப்பர் ஒட்டினார்கள். நியூயார்க்கின் பாப் கிளியர்மவுண்டன் பெயரைத்தான் இதோடு அதிகம் சேர்த்துச் சொல்வார்கள். எந்த டிஷ்யூ, எத்தனை மடிப்பு என்று உட்கார்ந்து அளந்து எழுதியவர்களும் உண்டு. காகிதக் கூம்பு, அதைத் திருத்த இன்னொரு காகிதம்!

2001-ல் பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் ஆகியோர் இதைப் பல ஸ்பீக்கர்களோடு ஒப்பிட்டு அளந்தார்கள். அதன் சிறப்பு எங்கே இருக்கிறதென்று தெரிந்தது: சத்தம் நின்றதும் இதுவும் சட்டென்று நின்றுவிடுகிறது. இழுப்பதில்லை. அந்தப் பெருமை முழுவதும் தாளுக்குப் போகாது. துளையில்லாமல் அடைத்த பெட்டிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பொருளை மட்டும் வைத்து ஸ்பீக்கரை எடை போடுவது, அரிசியை மட்டும் பார்த்துவிட்டுப் பிரியாணியைப் பற்றிப் பேசுவது மாதிரி. பெட்டி, காந்தம், சுருதிகளைப் பிரித்து அனுப்பும் சர்க்யூட், கடைசியாக நம் அறையின் சுவர்கள், எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒலி.

*

ஆனாலும் நமக்குப் பொருளின் மேல்தான் கண். பவர்ஸ் & வில்கின்ஸ் நிறுவனத்தின் மஞ்சள் கூம்புகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் 1965-ல் கண்டுபிடித்த கெவ்லார் அது. குண்டு துளைக்காத உடுப்பு செய்கிற இழை. அப்படியென்றால் பயங்கர உறுதி, அதனால்தான் நல்ல ஒலி என்று நினைப்போம். நிறுவனம் சொன்ன காரணம் வேறு. நெய்த துணி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாது. அதனால் உடையும்போது சீராக உடையாமல் கலைந்து உடைகிறது, ஒரே சுருதியில் தூக்கிக் கத்துவதில்லை. உறுதிக்குப் பேர்போன பொருளை அதன் நெளிவுக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 1970களின் நடுவில் தொடங்கி நாற்பது வருஷம் அதுதான் அவர்கள் அடையாளம். 2015-ல் தங்கள் உயர்ரக ஸ்பீக்கர்களில் அதை விட்டுவிட்டு வெள்ளி நிறத்தில் வேறொரு நெசவுக்கு மாறினார்கள். இது இன்னும் உண்மையாக ஒலிக்கிறது என்றார்கள்.

இருக்கலாம். ஆனால் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டுவிட்டோம்? தகரத்திலிருந்து காகிதத்துக்குப் போனபோது, காகிதத்திலிருந்து பெக்ஸ்ட்ரீனுக்கு, பெக்ஸ்ட்ரீனிலிருந்து பாலிப்ரொப்பிலீனுக்கு, ஒவ்வொரு முறையும் இதுதான் நிஜக் குரல் என்று கேட்டவர்கள் மனதார நம்பினார்கள். பொய் சொல்லவில்லை. முந்தைய பொருள் என்ன சேர்த்தது என்பது, அது போன பிறகுதான் காதில் விழுகிறது.

இதில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. நம்மில் பலருக்குப் பிடித்த பாடகர்களை நாம் நேரில் கேட்டதே இல்லை, இனிக் கேட்கவும் முடியாது. நம்மிடம் இருப்பது ஏதோ ஒரு கூம்பு வழியாக வந்த குரல். அதைப் பதிந்து சமன்செய்தவரும் வேறொரு கூம்பின் வழியாகக் கேட்டுத்தான், இது போதும், அது கொஞ்சம் குறையட்டும் என்று முடிவெடுத்தார். அவர் காகிதத்தில் கேட்டாரா பிளாஸ்டிக்கில் கேட்டாரா என்பது பாட்டுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. 1980களிலும் 90களிலும் அப்படி முடிவெடுக்கப்பட்ட எத்தனையோ பாடல்கள் அந்த வெள்ளைத் தாளின் முன்னால்தான் நடந்தன.

ஹார்வுட் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். செலவில்லை. வீட்டில் அம்மா பேசுவதை இரண்டு நிமிஷம் போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் ஸ்பீக்கரில் போடுங்கள். பிறகு அடுப்படிக்குப் போய் அவரிடம் ஏதாவது கேளுங்கள். போனின் மைக்கும் கொஞ்சம் மாற்றும்தான். இருந்தாலும் எவ்வளவு வந்திருக்கிறது, எவ்வளவு வரவில்லை என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம்.