மலாக்காவில் ஒரு வரலாற்று நடை

மலாக்காவின் வரலாற்றை அறிய விரும்புவோர், விவரமறிந்த வழிகாட்டியுடன் அந்நகர வீதிகளில் நடந்து பார்க்கவேண்டும். ஏன் என்று கேட்கிறீர்களா?

செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் ‘போர்த்தா டி சந்தியாகோ’ என்னும் பழைய கோட்டை வாயில் நிற்கிறது. அதன் முகப்பில் 1670 என்ற ஆண்டும் டச்சுக் கம்பெனியின் சின்னமும் காணப்படுகின்றன. தனியே வருபவர், டச்சுக்காரர் கட்டிய கோட்டை என்றே எண்ணிவிடுவார். வழிகாட்டியோ நம்மை அங்கே நிறுத்தி உண்மையை விளக்குவார். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டை அது. 1641இல் அதைப் பிடித்த டச்சுக்காரர், பின்னர் வாயிலைச் செப்பனிட்டுத் தம் சின்னத்தைப் பொறித்தனர். 1807இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தனர். வாயில் மட்டும் தப்பி நின்றது.

அங்கிருந்து ஆற்றைக் கடந்து ஜாலான் துக்காங் எமாஸ் வீதிக்குச் சென்றால், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்தைக் காணலாம். அது மலாக்காச் செட்டிகளுடையது. தமிழ் வணிகரின் வழிவந்த அவர்கள், இன்று வீட்டில் பேசுவது மலாய். வழிபடுவது நம் தெய்வங்களை. இந்தக் கதையை ஆலயச் சுவர் தானாகச் சொல்லாது; எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஆகவே, அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இடங்கொடுங்கள்.