பேர் போட்ட பெட்டி

எங்கள் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் கூலி. சொன்ன நிறைக்குக் கொழுந்து வந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து திரும்பிய அம்மா கூடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, “இன்னைக்கு அரைப் பேருதான் போட்டாங்க” என்று சொன்னால் காம்பராவில் யாரும் கொஞ்ச நேரம் பேசமாட்டோம். பதுளைப் பக்கத்து லயங்களில் வளர்ந்த எவருக்கும் இது புரியும். செய்த வேலையும், அதற்கான காசும், அதைச் செய்த ஆளின் பெயரும் அங்கே ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன.

வீடியோ கேம் உலகில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியைப் பற்றி எழுத நினைத்தபோது எனக்கு இந்தச் சொல்தான் முதலில் ஞாபகம் வந்தது. கேள்வி இதுதான்: ஒரு கேம் பெட்டி கோடிக்கணக்கில் விற்றுவிட்டது, வீட்டுக்கு வீடு இருக்கிறது, அப்படியானால் பெட்டியைச் செய்யாமல் கேம் மட்டும் செய்யும் வெளி ஸ்டூடியோக்கள் அதை நம்பிப் பெரிய பணத்தைப் போடுமா? விடை தேடிப் போனால் வெளி ஸ்டூடியோ என்ற ஒன்று எப்படிப் பிறந்தது என்ற கதையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அது பேர் போடாத சண்டையில் பிறந்தது.

எனக்கு அந்தக் கதை தெரியுமுன்பே அதன் பிள்ளைகளைத் தெரியும். தொண்ணூறுகளில் பதுளை பஸாரில் ஒரு கடையில் டிவி கேம் பெட்டியை நாள் வாடகைக்குக் கொடுப்பார்கள். நாங்கள் ஐந்தாறு பேர் காசு சேர்த்து சனிக்கிழமை பஸ் ஏறிப் போவோம். “முதலாளி, டாங்கி கேசட் இருக்கா?” என்று கேட்டால் அவர் அலுமாரியிலிருந்து மஞ்சள் கேசட் ஒன்றை எடுத்து, வாயில் வைத்து ஒரு ஊது ஊதித் தருவார். லயத்தில் டிவி இருந்த ஒரே வீட்டில் பெட்டியை மாட்டிவிட்டு, படம் வராவிட்டால் நாங்களும் ஊதுவோம். கேசட்டின் அடியில் பித்தளை நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும்; தூசி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம். மூன்றாவது ஊதலில் படம் வந்துவிடும். இரவு டிவிக்காரர் தூங்கப் போகும் வரைக்கும் டாங்கி, கார், குண்டு வைக்கிற பொம்மை, இரண்டு பேர் துப்பாக்கியோடு ஓடுகிற கேம்.

அந்தப் பெட்டி ஜப்பானின் நிண்டெண்டோ 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகொம் என்ற பெட்டியின் நகல். அந்த நகல்கள் ஆசியா முழுக்க மலிவாகப் பரவி எங்கள் மலைக்கும் ஏறி வந்தன. இதைவிடப் பெரிய விஷயம் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் உயிரை விட்டு ஆடிய கேம்களில் மரியோ போன்ற சிலவற்றை மட்டுமே பெட்டிக்காரர் செய்திருந்தார். டாங்கி கேம் நாம்கோ என்ற வெளிக் கம்பனி செய்தது. துப்பாக்கிக்காரர் இருவரும் கார் ஓட்டமும் கொனாமியுடையவை. குண்டு வைக்கிற பொம்மை ஹட்சனுடையது. பெட்டிக்காரர் மட்டும் செய்திருந்தால் எங்கள் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கே முடிந்திருக்கும்.

வெளி ஸ்டூடியோவின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அட்டாரி 1977இல் ஒரு வீட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதற்கு முந்திய வருடமே வார்னர் நிறுவனம் அட்டாரியை 28 மில்லியன் டொலருக்கு வாங்கியிருந்தது. பெட்டிக்கான கேம்களை அட்டாரியே செய்தது; இன்னொருவர் செய்யலாம் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை. ஒரு கேமை ஒரே ஆள் யோசித்து, எழுதி, படம் வரைந்து, சத்தம் சேர்த்து முடிப்பார். ஆனால் அட்டையில் அட்டாரி என்று மட்டும்தான் இருக்கும். துணி ஆலைத் தொழிலிலிருந்து வந்த ரே கசார் என்பவர் தலைமைக்கு வந்த காலத்தில், எந்த கேம் எவ்வளவு விற்றது என்ற பட்டியல் ஒன்று வேலைக்காரர்களின் கைக்கு வந்தது. டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்ளான் என்ற நால்வர் அதைக் கூட்டிப் பார்த்தார்கள். விற்பனையில் பாதிக்கு மேல் தங்கள் நால்வரின் கேம்களால் வந்தது என்று கண்டார்கள். தன் சம்பளம் வருடத்துக்கு ஏறத்தாழ 20,000 டொலர் என்றும், தன் கேம்கள் கொண்டுவந்தது 20 மில்லியன் டொலர் என்றும் கிரேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நால்வரும் கசாரிடம் போனார்கள். கேட்டது இரண்டே இரண்டு: பெட்டிமேல் பெயர், விற்பனையில் ஒரு பங்கு. கேசட்டைப் பூட்டி அடைக்கும் தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமானவர்கள் இல்லை என்ற பொருளில் பதில் கிடைத்ததாகக் கிரேன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். கதையை எழுதுகிறவர்கள் நால்வர் பக்கம் நின்று கோபப்படுகிறார்கள். எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கேசட்டைப் பூட்டிய கையையும் நான் நினைக்கிறேன். அந்தக் கைக்காரரின் பெயரும் பெட்டியில் இல்லைதானே? எங்கள் மலையிலும் இப்படித்தான். பதுளை இருக்கும் ஊவாவின் தேயிலைக்கு ஜூலை தொடங்கி செப்டம்பர் வரைக்கும் வீசும் வறண்ட காற்றில் ஒரு மணம் ஏறும். உலகம் அதற்குத் தனி விலை கொடுக்கிறது. அப்புத்தளைக்கு மேலே டம்பத்தென்னத் தோட்டத்தை 1890 வாக்கில் வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயர் உலகம் முழுக்கப் பாக்கெட்டில் போனது. மலைமேல் அவர் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கும் அவர் பெயர்தான். கொழுந்தைக் கிள்ளிய விரலின் பெயர் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைத் தாண்டி எங்கும் போகவில்லை.

அட்டாரியில் இன்னொருவர் வேறு வழி கண்டார். வாரன் ராபினெட் என்பவர் தன் கேமுக்குள், திரையில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு புள்ளியை ஒளித்து வைத்தார். பின்னணியோடு கலந்து கண்ணுக்கே தெரியாத புள்ளி. அதைத் தேடி எடுத்துக் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோனால் சுவரைத் தாண்டி ஒரு இரகசிய அறைக்குள் போகலாம். அறைக்குள் ‘செய்தவர் வாரன் ராபினெட்’ என்ற எழுத்து மட்டும் இருக்கும். யாருக்கும் சொல்லாமல் வைத்துவிட்டு வேலையை விட்டார். கேம் கடைக்கு வந்து, ஒரு சிறுவன் அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகுதான் கம்பனிக்கே தெரியவந்தது.

நால்வர் ஒளிந்து எழுதவில்லை, வெளியேறினார்கள். இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்த ஜிம் லெவி என்பவருடன் சேர்ந்து 1979 ஒக்டோபரில் ஆக்டிவிஷன் பிறந்தது. இன்னொருவர் பெட்டிக்கு வெளியிலிருந்து கேம் செய்யும் முதல் ஸ்டூடியோ அதுதான். பாட்டுக்காரர் பெயரைத் தட்டின் அட்டையில் போடுவதுபோல் கேம் செய்தவர் பெயரை அட்டையில் போட்டார்கள். முதல் கேம்கள் 1980இல் வந்தன. அட்டாரி வழக்குப் போட்டது. 1982இல் சமரசமானது, அட்டாரிக்கு ஒரு பங்கு கட்டிவிட்டு வெளியார் கேம் செய்யலாம் என்று ஆகிவிட்டது. அதே வருடம் கிரேன் செய்த ‘பிட்ஃபோல்’ நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது.

கதவு திறந்ததும் எல்லோரும் புகுந்தார்கள். ஓட்ஸ் விற்ற குவேக்கர் கம்பனிகூட கேம் விற்றது! தரம் கெட்டு, கடைகளில் மலை மலையாகத் தேங்கி, 1983இல் 3 பில்லியன் டொலருக்கு மேல் இருந்த அமெரிக்கச் சந்தை இரண்டே வருடத்தில் 100 மில்லியன் அளவுக்குச் சரிந்தது. அட்டாரி தன் விற்காத சரக்கை நியூ மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்தது.

அந்தச் சரிவைப் பார்த்துப் பாடம் படித்தது நிண்டெண்டோ. அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் வைத்தார்கள். அதற்குப் பொருந்தும் சிப் இல்லாத கேசட் ஓடாது. வெளி ஸ்டூடியோ வரலாம், ஆனால் வருடத்துக்கு ஐந்து கேம்தான். கேசட்டை நிண்டெண்டோவே அடிக்கும், அடிக்கிற காசை முன்கூட்டியே கட்ட வேண்டும், விற்காவிட்டால் நட்டம் ஸ்டூடியோவுக்கு. எங்கள் கொழுந்து மடுவத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்: தராசும் அவர்களுடையது, புத்தகமும் அவர்களுடையது. ஐந்தின் வரம்பைத் தாண்டக் கொனாமி வேறு பெயரில் இன்னொரு கம்பனி திறந்தது.

தராசு கையில் இருப்பவர் எந்நாளும் அப்படியே இருந்துவிட முடியாது என்பதைப் பின்னர் ஸ்குவேர் என்ற வெளி ஸ்டூடியோ காட்டியது. நிண்டெண்டோ 64 என்ற பெட்டியும் கேசட்டிலேயே நின்றது; அதில் ஏற்றக்கூடியது அதிகபட்சம் 64 மெகாபைட். சோனியின் பிளேஸ்டேஷன் சிடி ஒன்றில் 650. ஸ்குவேர் தன் ‘ஃபைனல் ஃபாண்டசி 7’ஐ எடுத்துக்கொண்டு சோனியிடம் போய், 1997இல் மூன்று சிடியில் வெளியிட்டது. ஏறத்தாழ 40 மில்லியன் டொலர் செலவு என்று சொல்லப்படும் அந்தக் கேம்தான் பெரிய பட்ஜட் என்ற சொல்லுக்கு அன்று அடையாளம். அது அதிகம் விற்ற பெட்டியைத் தேடிப் போகவில்லை. தன் சரக்கு கொள்ளும் பெட்டியைத் தேடிப் போனது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அதை உண்மையாகவே சோதித்துப் பார்த்தது வீ என்ற நிண்டெண்டோ பெட்டி. 2006 நவம்பரில் 250 டொலருக்கு வந்தது. கையை வீசினால் பந்து போகும். கேம் தொடாத பாட்டிமார் ஆடினார்கள். கடைசிக் கணக்கில் 10 கோடிக்கு மேல் விற்றது. அந்தக் காலத்தில் எதிரே நின்ற எந்தப் பெட்டியும் அவ்வளவு விற்கவில்லை. ஆனாலும் பெரிய பணம் வரவில்லை.

ஏன்? எதிரே இருந்த இரண்டு பெட்டிகளும் ஏறத்தாழ ஒரே வலு உடையவை. ஒரு தடவை செலவழித்துச் செய்த கேமை இரண்டிலும் விற்கலாம். வீயின் வலு குறைவு. அதற்கென்று அடியிலிருந்து தனியாகச் செய்ய வேண்டும். அதனால் ஸ்டூடியோக்கள் பெரிய ஆட்களை அங்கே வைத்துக்கொண்டு, வீக்குச் சின்னக் குழுவைச் சின்னப் பணத்தோடு அனுப்பின. சின்னக் கேம் விற்காதபோது, வீக்காரர்கள் வாங்கமாட்டார்கள் என்று முடிவு கட்டின. இந்தச் சுற்று எனக்கு நன்றாகப் பழக்கம். எங்கள் மலையில் பழைய செடியைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டால் முதல் கொழுந்துக்கே சில வருடம் காத்திருக்க வேண்டும். நிலம் அரசினுடையது, 1992இலிருந்து நடத்துகிறவை கம்பனிகள், அதுவும் குத்தகையில். குத்தகை நிலத்தில் அந்தச் சில வருடச் செலவைப் போட மனம் தயங்குகிறது. போடாத நிலம் குறைவாகக் கொடுக்கிறது. குறைவாகக் கொடுப்பதையே காரணமாகக் காட்டி மேலும் தயங்குகிறார்கள். பழி கடைசியில் செடிமேல் வந்து விழும், இல்லாவிட்டால் கொழுந்து எடுப்பவர்மேல்.

விதிவிலக்கு இருந்தது. கப்கொம் என்ற வெளி ஸ்டூடியோ தன் ‘மான்ஸ்டர் ஹண்டர் 3’ஐ பிளேஸ்டேஷன் 3க்குத் திட்டமிட்டு, செலவைக் கணக்குப் பார்த்து வீக்கு மாற்றி 2009இல் கொடுத்தது. அந்தத் தொடருக்கு ஜப்பானில் இருந்த பெயருக்காகவே வாங்கினார்கள். அதே வருடம் யூபிசொஃப்ட் விட்ட ‘ஜஸ்ட் டான்ஸ்’ என்ற சின்னச் செலவு நடனக் கேமும் லட்சக்கணக்கில் விற்றது. இரண்டில் ஸ்டூடியோக்கள் எதைப் பிடித்துக்கொண்டன என்று சொல்லத் தேவையில்லை. வந்தது நடனம் மேல் நடனம்.

என் தீர்ப்பு இதுதான்: விற்ற பெட்டியின் எண்ணிக்கை வெளி ஸ்டூடியோவை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே வந்து பெரிய பணத்தை இறக்க வைப்பது மூன்று: ஒருமுறை செய்ததை அந்தப் பெட்டியிலும் ஓட்ட முடிவது, பெட்டிக்காரரின் கேமுக்குப் பக்கத்திலும் தன் கேமை வாங்குவார்கள் என்ற நம்பிக்கை, பங்கு நியாயமாக வருவது. கேட்டது கிடைக்காமல் வெளியேறிய நால்வரால் வந்த உறவு இது. இன்றும் அதே கணக்கில்தான் நிற்கிறது.

2017இல் வந்த ஸ்விட்ச் என்ற நிண்டெண்டோ பெட்டி 15 கோடிக்கு மேல் விற்றது. அதற்குப் பெரிய கேம்கள் வந்தன, ஆனால் பெரும்பாலும் மற்றப் பெட்டிகளில் சம்பாதித்து முடித்த கேம்கள். ‘விச்சர் 3’ 2015இல் வந்தது. ஸ்விட்ச்சுக்கு 2019இல், 32 கிகாபைட் கார்டுக்குள் கசக்கி ஏற்றப்பட்டு வந்தது. ஏற்றியவர்களின் திறமையை நான் மதிக்கிறேன். இருந்தாலும் முதல் பறிப்பு இங்கே வரவில்லை.

2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தது. நான்கு நாளில் 35 லட்சம் விற்றது. வலு கூடியிருக்கிறது; மற்றப் பெட்டிகளின் கேமைக் கொண்டுவருவது எளிதாகியிருக்கிறது. இனிப் போடுவார்களா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு சின்ன வழி இருக்கிறது. கேம் கார்டை எடுத்துப் பாருங்கள். பல வெளி ஸ்டூடியோக்கள் விற்கும் கார்டுக்குள் கேமே இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள ஒரு சாவி மட்டும் இருக்கிறது. பெரிய கார்டு வாங்கும் செலவை அவர்கள் எடுக்கவில்லை. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ அப்படித்தான் வந்தது. ‘சைபர்பங்க் 2077’ செய்தவர்கள் 64 கிகாபைட் கார்டில் முழுக் கேமையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கார்டை அடிக்கும் செலவை இவர்கள் தங்கள் லாபத்திலிருந்து கொடுத்தார்கள். யார் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை அந்தக் கார்டிலேயே பார்க்கலாம்.

டாங்கி கேமின் அசல் முகப்பைச் சில வருடங்களுக்கு முன் ஒரு திரையில் பார்த்தேன். செங்கல் எழுத்தில் தலைப்பு, கீழே சிவப்பில் ‘நாம்காட்’ என்று செய்தவர்களின் முத்திரை. எங்கள் மஞ்சள் கேசட்டில் அந்த இடம் வெறும் கறுப்பாக இருந்தது. நகல் எடுத்தவர்கள் சுரண்டியிருந்தார்கள். அத்தனை இரவு அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு, ஸ்டார்ட் பட்டனை அமுக்கி விளையாடியிருக்கிறோம்.