மகிழுந்துப் பராமரிப்பின் வரலாறு

மகிழுந்துப் பராமரிப்பு என்பது, கார் பழுதின்றியும் பாதுகாப்பாகவும் ஓடுவதற்காக அதன் உரிமையாளரும் ஓட்டுநரும் மெக்கானிக்கும் தொடர்ந்து செய்துவரும் பணிகளைக் குறிக்கும். கார் தோன்றிய காலத்தில் ஓட்டுநரே மெக்கானிக்காகவும் இருந்தார். அடுத்த நூறு ஆண்டுகளில் அவர் கையிலிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் புதிய கருவிகளிடம் சென்றன. ஆயினும் டயர், குளிர்விக்கும் நீர், என்ஜின் ஆயில், பிரேக் திரவம், பேட்டரி ஆகிய ஐந்தும் இன்றும் மனிதரின் நேரடிக் கவனிப்பை வேண்டுபவை. இவை எவ்வாறு இன்றைய நிலைக்கு வந்தன என்பதை அறிந்தால், இவற்றைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளின் காரணமும் எளிதில் விளங்கும்.

முதல் நெடும்பயணம்

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ், பெட்ரோலால் இயங்கும் தமது மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதனை நெடுந்தூரம் ஓட்டிக் காட்டியவர் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், தம் மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். தொலைவு ஏறத்தாழ 105 கிலோமீட்டர்.

இந்தப் பயணம் பராமரிப்பு வரலாற்றின் முதல் அத்தியாயமும் ஆகும். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது பெர்த்தா தம் தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பி ஒன்றின் உறை தேய்ந்தபோது காலுறையைப் பிடிக்கும் பட்டையைச் சுற்றி அதனைக் காத்தார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில், அந்நாளில் கறை நீக்கப் பயன்பட்ட லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். சங்கிலியைக் கொல்லர் ஒருவர் சரிசெய்தார். மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் அடிக்கச் செய்தார். என்ஜினைக் குளிர்விக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால் வழிநெடுக நீர் நிரப்ப வேண்டியிருந்தது.

எரிபொருள், மின்சாரம், பிரேக், வெப்பம் ஆகிய நான்கு பிரச்சினைகளும் அந்த ஒரே பயணத்தில் வந்துவிட்டன. பின்னர் வந்த பொறியாளர்கள் தீர்வு கண்டவையும் பெரும்பாலும் இவற்றுக்கே.

டயரும் ஸ்டெப்னியும்

தொடக்கக் கால ஓட்டுநர்களுக்கு மிகுந்த தொல்லை தந்தது பஞ்சர். குதிரை வண்டிகள் ஓடிய சாலைகளில் லாட ஆணிகள் சிதறிக் கிடந்தன. அன்றைய சக்கரங்களை எளிதில் கழற்ற முடியாது. எனவே சாலையோரத்தில் அமர்ந்து, டயரைப் பிரித்து, ஒட்டுப்போட்டு, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். பிரான்சின் மிச்சலின் டயர் நிறுவனம் 1900-இல் ஓட்டுநர்களுக்கு இலவசமாக வழங்கிய கையேட்டில் டயர் மாற்றும் முறையும், எரிபொருளும் மெக்கானிக்கும் கிடைக்கும் ஊர்களின் விவரமும் இடம்பெற்றன. இன்று உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கிப் புகழ்பெற்றிருக்கும் கையேடு அதுவே.

பஞ்சர் தொல்லைக்கு ஒரு தீர்வு வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் பிறந்தது. அங்கு ஸ்டெப்னி தெருவில் இரும்புப் பொருள் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், 1904-இல் ஆரக்கால்கள் இல்லாத வளையம் ஒன்றில் காற்றடைத்த டயரைப் பொருத்தி விற்றனர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் இந்த வளையத்தை இறுக்கிக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். தெருவின் பெயரே பொருளுக்கும் பெயராயிற்று. பிரிட்டனில் அச்சொல் இன்று வழக்கொழிந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ, இந்தியாவின் பிற பகுதிகளைப் போலவே, மாற்றுச் சக்கரத்துக்கு இன்றும் "ஸ்டெப்னி" என்பதுதான் பெயர்.

டயரின் காற்றழுத்தம் உயிர்ப் பிரச்சினை என்பதை உலகுக்கு உணர்த்தியது 2000-ஆம் ஆண்டு நிகழ்வு. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் போன்ற வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பரப்பு ஓட்டத்திலேயே பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்தன. இந்த விபத்துகளில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆகஸ்டில் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் குறைபாட்டோடு, வெப்பமும் குறைந்த காற்றழுத்தமும் சேர்ந்தது நிலைமையை மோசமாக்கியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, அந்நாட்டின் புதிய கார்களில் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி பின்னர் கட்டாயமாயிற்று.

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதலாக மடங்கி விரிகிறது. அதனால் உள்ளே வெப்பம் ஏறி, அடுக்குகள் பிரிகின்றன. கோடை நாளில் முழுக் குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரையும் காருக்கு இந்த ஆபத்து அதிகம். எச்சரிக்கை விளக்கும் முழுக் காவல் அன்று. அமெரிக்க விதிப்படி, அழுத்தம் 25 விழுக்காடு குறையும்போதுதான் அது எரிந்தாக வேண்டும்.

கைப்பிடியிலிருந்து பேட்டரிக்கு

முற்காலத்தில் என்ஜினை இயக்க, முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். என்ஜின் திருப்பி அடித்தால் கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். இவ்வகை எலும்பு முறிவு மருத்துவ நூல்களில் ஓட்டுநர் முறிவு என்றே பெயர்பெற்றது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்வதும், கைப்பிடியைக் கீழே அழுத்தாமல் மேலே இழுப்பதும் அக்காலத்தின் முதல் பாடங்கள்.

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இடம்பெற்று இந்தத் துன்பத்தைப் போக்கியது. வலிமை குறைந்தோரும் தனியே காரை எடுத்துச் செல்ல முடிந்தது. ஆனால் அதுமுதல் கார் பேட்டரியைச் சார்ந்த பொருளாகிவிட்டது. காலையில் வண்டி கிளம்பாத இன்றைய பிரச்சினைக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று பேட்டரியே.

சாவியைத் திருப்பும்போது "டிக் டிக்" என்ற ஒலி மட்டும் கேட்டு, விளக்கும் மங்கினால், பெரும்பாலும் பேட்டரி வலுவிழந்திருக்கும். அல்லது அதன் முனைகளில் வெண்பச்சைப் படிவு சேர்ந்திருக்கும். வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது முதலில் நேர்முனைகள் இரண்டையும் சிவப்புக் கம்பியால் இணைக்க வேண்டும். பின்னர் கறுப்புக் கம்பியின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையைப் பழுதான வண்டியின் என்ஜினில் உள்ள வெற்று உலோகப் பகுதியிலும் பொருத்த வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். கடைசி இணைப்பில் எழும் தீப்பொறி அதன் அருகில் தெறிக்கக் கூடாது என்பதே இந்த வரிசைக்குக் காரணம்.

வெப்பமும் நீரும்

பெர்த்தா ஊருக்கு ஊர் நீர் ஊற்றிய நிலையை மாற்றியது, வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர். 1901-இல் மெர்சிடிஸ் காரில் வந்த இது, சிறு குழாய்களின் வழியே காற்றைச் செலுத்தி, அதே நீரை மீண்டும் மீண்டும் குளிர்வித்தது. பின்னர் அழுத்த மூடி வந்தது. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும் என்ற, பள்ளியில் படிக்கும் அறிவியல்தான் இதன் அடிப்படை.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இதிலிருந்தே பிறந்தது. உள்ளிருக்கும் நீர் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் நீங்கி, கொதிநீர் முகத்தில் பீறிடும். வெப்பமானி முள் ஏறினால் வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, அது நன்றாக ஆறும்வரை காத்திருப்பதே முறை. நீர் முழுவதும் ஒழுகிவிட்டால் உணர்கருவி நீரைத் தொடாமல் போய், முள் தவறாகக் கீழே காட்டவும் கூடும்.

இந்தியச் சாலைகளில்

விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் இந்தியச் சாலைகளில் மூன்று கார்களே மிகுதியாகக் காணப்பட்டன. வங்காளத்தின் உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவத்தில் உருவான அம்பாசடர், பம்பாயில் உருவான ஃபியட் (பிற்காலப் பத்மினி), சென்னை வண்டலூர் அருகே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை அவை. புதிய கார் வாங்கப் பதிவுசெய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், இருக்கும் காரைப் பேணி ஓட்டுவது தவிர்க்க முடியாததாயிற்று.

பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பது, ஸ்பார்க் பிளக்கின் கரியைச் சுரண்டுவது, கார்புரேட்டரில் சேர்ந்த தூசியை ஊதி நீக்குவது ஆகியவற்றைப் பல ஓட்டுநர்கள் தாங்களே செய்தனர். கோடையில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடுவது வழக்கம். மரத்தடிப் பட்டறைகளில் இளைஞர்கள் தலைமை மெக்கானிக்கிடம் கைப்பழக்கமாகவே தொழில் கற்றனர்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த நிலையை மாற்றத் தொடங்கியது. 1995-இல் பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களில் புகை வடிகட்டும் வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. 2000-க்குப் பின் மாசு விதிகள் இறுக, கார்புரேட்டர் மறைந்து, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் பீய்ச்சும் முறை பரவியது. உப்புத்தாளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பழுதைக் கண்டறியப் பட்டறைக்காரரும் கணினிக் கருவியை வாங்க வேண்டியதாயிற்று. அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றது.

விளக்குகள் சொல்லாதவை

இன்றைய காரில் எச்சரிக்கை விளக்குகள் பல உள்ளன. இதனால் வண்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற எண்ணம் பரவியுள்ளது. இது பாதி உண்மையே.

சிவப்பு ஆயில் விளக்கு பொதுவாக ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது, அளவை அன்று. அது ஓட்டத்தில் எரியும்போது என்ஜினின் உட்பகுதிகள் உராயத் தொடங்கியிருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும். அளவை அறிய, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அளவுக்கோலை எடுத்துத் துடைத்துப் பார்க்கும் பழைய முறையே பெரும்பாலான கார்களுக்கு ஏற்றது.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அது 140 வரை இறங்கலாம். மலைச்சரிவில் பிரேக்கை ஓயாமல் மிதித்தால், அந்த வெப்பத்தில் திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். அப்போது மிதி அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் இறங்கும் கல்லட்டிப் பாதையில் பிரேக் பிடிக்காமல் விபத்துகள் நேர்ந்துள்ளன. எந்த கியரில் ஏறத் தோன்றுமோ அந்தத் தாழ்ந்த கியரிலேயே இறங்குவதும், திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் இதற்குத் தடுப்பு. திரவம் பழையதாகிவிட்டதை அறிவிக்கும் விளக்கு பொதுவாகக் கார்களில் இல்லை.

வெள்ளமும் அப்படியே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய காரைக் கிளப்பிப் பார்ப்பதே அதற்கு நேரும் பெரிய சேதம். சிலிண்டருக்குள் புகுந்த நீரைக் காற்றைப்போல் அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து என்ஜினே வீணாகிவிடும். தனி இணைப்பு இல்லாத காப்பீடு இச்சேதத்துக்கு இழப்பீடு தருவது அரிது. இந்த அனுபவம் மக்களிடம் நிலைத்துவிட்டது என்பதற்கு 2024 அக்டோபர் சான்று. கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் தம் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினர்.

சாதாரண ஓட்டுநர் செய்யக்கூடியவை

• மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன், டயர்களில் காற்றழுத்தம் பார்த்தல். உரிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

• டயரின் வயதை அறிதல். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் அதனைக் காட்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்யப்பட்டது என்பது பொருள். பள்ளங்களின் நடுவே உள்ள தேய்மானக் குறியின் மட்டத்துக்கு (1.6 மில்லிமீட்டர்) டயர் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

• என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஆயில், குளிர்விக்கும் நீர், பிரேக் திரவம் ஆகியவற்றின் அளவைப் பார்த்தல். அடிக்கடி குறைந்தால் நிரப்புவதோடு நிற்காமல் கசிவைத் தேடச் சொல்ல வேண்டும்.

• பேட்டரி முனைகளைத் தூய்மையாக வைத்தல். நெடுநாள் நிற்கும் வண்டியை அவ்வப்போது ஓட்டுதல்.

• காலையில் வண்டியை எடுத்ததும் நின்ற இடத்தின் தரையைப் பார்த்தல். தெளிந்த நீர் பெரும்பாலும் குளிர்சாதனத்திலிருந்து வடிவது, அஞ்சத் தேவையில்லை. நிறமோ பிசுபிசுப்போ இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

இப்பணிகளுக்குச் சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை. காற்றழுத்தத்தைப் பெட்ரோல் நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு வேண்டியது ஒரு பழந்துணியும் மாதத்தில் பத்து நிமிடமும் மட்டுமே. மின்கார்களில் என்ஜின் ஆயில் என்பதே இல்லை. எனினும் டயர், பிரேக், குளிர்விக்கும் திரவம் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு அவற்றின் ஓட்டுநருக்கும் உண்டு.