பெட்டியோடு போன தாள்: அமெரிக்க–சீனத் தாளட்டை வணிகமும் 48ஆம் அத்தியாயமும்

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையிலான தாள், தாளட்டை வணிகத்தை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் சுங்கக் குறியீட்டின் 48ஆம் அத்தியாயத்தையே ஆதாரமாகக் கொள்கின்றன. 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்தபின் சீனாவில் ஆலைகள் பெருகின. 2009 வாக்கில் உற்பத்தியில் அது அமெரிக்காவை முந்தியது. ஆனால் 48ஆம் அத்தியாயத்தில் பதிவாகும் சீன ஏற்றுமதி இந்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் சிறியது. எனவே சீனத் தாள்தொழில் உள்நாட்டுத் தேவைக்காக வளர்ந்தது, மிஞ்சியதே வெளியே போயிற்று என்று முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது. அச்சுத்தாளுக்கு இது பொருந்தலாம். பெட்டி அட்டைக்கு அந்த அத்தியாயம் சாட்சியாகாது.

காரணம், வகைப்படுத்தலுக்கான பொது விதி 5(பி). சரக்கோடு சேர்ந்து வரும் வழக்கமான பொதி, அந்தச் சரக்கின் குறியீட்டிலேயே அடங்கும் என்கிறது அது. காலியான நெளியட்டைப் பெட்டி துறைமுகம் வந்தால் 4819. அதே பெட்டிக்குள் தொலைக்காட்சி இருந்தால் 8528. பெட்டியின் விலை தொலைக்காட்சியின் விலையில் கரைந்துபோகிறது. நிகர எடை எழுதும்போதோ பொதியின் எடை கழிக்கப்பட்டுவிடுகிறது. ஆக, கடல் கடந்த அந்த அட்டை 48இல் இல்லை, 85இல் தாளாகவும் இல்லை. பொம்மை, காலணி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

மறைந்த அட்டை மீண்டும் தலைகாட்டியது 47ஆம் அத்தியாயத்தில், கழிவுத்தாளுக்கான 4707இல். கலிபோர்னியத் துறைமுகங்களில் சரக்கை இறக்கிய கன்டெய்னர்கள் சீனாவுக்குக் காலியாகத் திரும்ப வேண்டியிருந்ததால், பழைய அட்டைக் கட்டுகளுக்குக் கப்பல் கூலி மலிவு. அமெரிக்கப் பைன் மரத்தின் நீள நாருக்காகச் சீன ஆலைகள் அவற்றை விரும்பி வாங்கின. 1990இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கழிவுத்தாள் ஏற்றுமதி நிறுவனம் தொடங்கிய ஜாங் யின், 1995இல் நைன் டிராகன்ஸ் ஆலையை நிறுவிய இடம் குவாங்டாங்கின் டோங்குவான்: ஏற்றுமதித் தொழிற்சாலைகள் நெருங்கிக் கிடக்கும் நகரம். உள்நாட்டுச் சந்தை மட்டுமே குறி என்றால் இந்த இடத்தேர்வை விளக்குவது கடினம்.

திரும்பிய கட்டுகளில் சீனாவிலிருந்து வந்த பெட்டிகளின் பங்கைச் சுங்க ஏடுகளிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. அமெரிக்க உள்நாட்டுப் பெட்டிகளே மிகுதி என்று கொண்டாலும் வாதம் குலையாது: கேள்வி சீன அட்டை எங்கே போயிற்று என்பதுதான், எந்தப் பெட்டி திரும்பியது என்பதல்ல. சரக்கின் மதிப்பில் பெட்டியின் விலை அற்பம் என்ற மறுப்பு, டன்னில் அளக்கவேண்டிய தொழிலை டாலரில் அளப்பதால் எழுவது. ஆய்வுகள் பெட்டி அட்டையைவிட அச்சுத்தாளையே கவனித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: அமெரிக்கா 2010இல் சீனப் பூச்சுத்தாள் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. வழக்கு நடந்த பக்கமே ஆய்வாளர்களின் கண்ணும் திரும்பிற்று போலும்.

கழிவுத்தாள் வணிகத்தின் 2017க்குப் பிந்திய புள்ளிவிவர வரிசையையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். தரம்பிரிக்காத கழிவுத்தாள் இறக்குமதிக்கு 2017 இறுதியில் சீனா விதித்த தடை. 2018 மார்ச்சில் அந்நியப் பொருள் 0.5 விழுக்காட்டுக்கு மேல் கூடாதென்ற வரம்பு. 2021 ஜனவரி 1 முதல் முழுத் தடை. 4707இன் சரிவை வணிகத்தின் முடிவாக வாசிப்பவர்கள் 4706ஐப் பார்ப்பதில்லை. 2018இல் நைன் டிராகன்ஸ் மெய்ன் மாநிலத்தின் ரம்ஃபோர்டு, விஸ்கான்சினின் பைரன் ஆலைகளை வாங்கிற்று. பழைய அட்டையை அமெரிக்காவிலேயே கூழாக்கிச் சீனாவுக்கு அனுப்பும் வழி அதன்பின் திறந்தது. தடைக்கு உட்படாத அந்த மறுசுழற்சிக் கூழ் பதிவாகும் குறியீடு 4706.