ஏட்டில் விடுபட்ட வீரம்

போர்க்களத்தில் நிகழ்வது ஒன்று. பாசறை எழுத்தர் பதிவது மற்றொன்று. இரண்டும் எப்போதும் ஒத்திருக்கும் என்று எண்ணுவது பேதைமை. குண்டு மழையில் நின்றவன் பெயர் ஏட்டில் ஏறாமற் போனதும் உண்டு. மார்பில் அணிந்த பதக்கம் கறுத்துப் போகலாம், களவும் போகலாம். ஆனால் பணிப்பதிவேட்டில் ஒரு வரி இருக்குமானால், பேரன் காலத்திலும் அது சான்று சொல்லும். அந்த வரி இல்லையேல், பதக்கத்தைக் கையில் வைத்திருப்பவனைக்கூட உலகம் ஐயத்தோடு பார்க்கும்.

ஆதலின், ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் தம் ஏட்டில் விடுபட்ட பதக்கங்களைச் சேர்க்க வேண்டும் என்று விண்ணப்பிப்பதை முதியவரின் வீண் பிடிவாதம் எனக் கொள்ளலாகாது. அந்த வழக்கு நம் மண்ணில் மிகப் பழையது. விடுபட்டது தானாக வந்து சேர்வதில்லை. கேட்டவர்க்கே அது மீண்டது. சென்னைப் படையின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சாத்தூருக்கு அருகே கரிசல் நிலத்தின் நடுவே உள்ளது ஏழாயிரம்பண்ணை. இன்று தீப்பெட்டியும் பட்டாசும் அவ்வட்டாரத்தின் பிழைப்பு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அது ஒரு பாளையத்தின் தலைமையிடம். 1799ஆம் ஆண்டு வீரபாண்டியக் கட்டபொம்மன் கும்பினியை எதிர்த்தபோது, ஏழாயிரம்பண்ணைப் பாளையக்காரர் பாஞ்சாலங்குறிச்சியின் பக்கம் நின்றார். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதனைத் தொடர்ந்து பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பறித்த நிலங்களில் ஒரு பகுதி கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரம் முதலிய பாளையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பறிமுதல் பட்டியலில் ஊரின் பெயர் இருக்கிறது. அந்த ஊருக்காக வாளேந்திய எளிய மக்களின் பெயர்கள் அப்பட்டியலில் இல்லை. தோற்றவர் தரப்பை வென்றவர் எழுதும் முறை அதுவே.

வென்றவர் தம் தரப்பையாவது ஒழுங்காக எழுதினரா? அதே 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டினம் வீழ்ந்து, திப்பு சுல்தான் களத்தில் உயிர் நீத்தார். அந்த முற்றுகையில் பங்குகொண்ட படையினர்க்கெனக் கும்பினி ஒரு பதக்கம் வெட்டச் செய்தது. சிங்கம் ஒன்று புலியை வீழ்த்துவதாக அதில் உருவம். புலி திப்புவின் சின்னம் என்பதை வாசகர் அறிவர். சிங்கத்தின் மேல் பறக்கும் கொடியில் ‘அஸதுல்லாஹில் காலிப்’, அதாவது இறைவனின் சிங்கமே வெல்வது, என்று அரபு எழுத்து! முஸ்லிம் மன்னர் ஒருவரை வீழ்த்தியதற்கான பதக்கத்தில் அரபு வாசகம் பொறிக்கப்பட்ட விந்தையை என்னென்பது? பதக்கத்தின் உலோகமோ பதவிக்கு ஏற்ப மாறியது. பெருந்தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, பின் வெள்ளி, வெண்கலம், கடைசியில் நின்ற சிப்பாய்க்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த மலிவான உலோகம். பல ஆண்டுகள் கழித்தே அது அவர்கள் கைக்கு வந்தது. ஒரே மதிலில் ஏறியவர்களை உலோகம் பிரித்தது.

பதக்கத்தின் கதை இவ்வாறிருக்க, ஒரு படைப்பிரிவின் பெயரே ஏட்டிலிருந்து அழிக்கப்பட்ட கதை ஏழே ஆண்டுகளில் நிகழ்ந்தது. 1805ஆம் ஆண்டு சென்னைப் படைத்தலைமை புதிய தலைப்பாகையைப் புகுத்தியது. நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி வைத்தல் கூடாது என்றும் ஆணையிட்டது. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒருங்கே மனம் புண்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி மூண்டது. திப்புவின் மக்கள் அப்போது அக்கோட்டையிலேயே காவலில் வைக்கப்பட்டிருந்தனர். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி கொண்டுவந்த குதிரைப்படை அன்று பகலுக்குள் கிளர்ச்சியை ஒடுக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். ஆளுநர் பெண்டிங் பிரபுவும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். சிப்பாய்களின் குறை மெய்யானது என்பதற்கு இதைவிட வேறு ஒப்புதல் வேண்டியதில்லை.

ஆயினும் தண்டனை ஏட்டின் மீதும் விழுந்தது. கிளர்ச்சியில் ஈடுபட்ட 1ஆம் ரெஜிமெண்டு, 23ஆம் ரெஜிமெண்டு ஆகியவற்றின் எண்கள் படைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கிளர்ச்சியில் சேராது நின்றவர்களைக் கொண்டு 24, 25 என்று பட்டியலின் கடைசியில் புதிய எண்கள் தரப்பட்டன. எண் என்பது வெறும் கணக்கன்று. சென்னைப் படையின் முதல் ரெஜிமெண்டு என்னும் மூப்பு அந்த ஒன்று என்னும் எண்ணில் இருந்தது. குற்றம் செய்யாதவனும் அந்த எண்ணை இழந்தான். வேலூர்க்கு வெகுமுன்னரே ஓய்வுபெற்று ஊர் திரும்பிய கிழவனும், தான் பணிசெய்த பிரிவின் பெயரைச் சொல்ல நாணும் நிலைக்கு ஆளானான்.

பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 1817 நவம்பர் 26ஆம் நாள் மாலை நாகபுரிக்கு அருகே சீதாபல்டிக் குன்றில் போன்ஸ்லே மன்னர் அப்பா சாகிபின் பெரும்படை கும்பினியின் சிறுபடையைச் சூழ்ந்தது. குன்றைக் காத்தவர்களில் சென்னையின் 24ஆம் ரெஜிமெண்டின் முதற் பட்டாளமும் ஒன்று. அதுவே பழைய முதல் ரெஜிமெண்டின் வழிவந்தது. இரவெல்லாம் போர் நடந்து, மறுநாள் நண்பகலில் எதிரிப்படை பின்வாங்கியது. வெற்றிக்குப் பின் அச்சிப்பாய்கள் கேட்டது பொன்னோ நிலமோ அன்று. தங்கள் பழைய எண்ணையும் பழைய சீருடை அடையாளத்தையும் திருப்பித் தருமாறு வேண்டினர். அரசு இசைந்தது. 1818ஆம் ஆண்டு அவர்கள் மீண்டும் முதல் ரெஜிமெண்டு ஆயினர். அந்த மரபு, பெயர்கள் பல மாறினும், 1933ஆம் ஆண்டு சென்னைப் பயனியர்கள் கலைக்கப்படும் வரை தொடர்ந்தது.

நம் நாட்டுப் படைவீரர் தம் ஏட்டைத் தாமே கேட்டுத் திருத்திக்கொண்ட சிறந்த சான்று இது. அவர்கள் எழுத்தறிவு மிக்கவர் அல்லர். அவர்களுக்கு வழக்கறிஞரும் இல்லை. கூலிக்குப் போரிட்டவர் என்று இகழப்படும் அச்சிப்பாய்களுக்கு எண்ணின் அருமை தெரிந்திருந்தது.

ஆனால் இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் காணவேண்டும். சீதாபல்டியில் போரிட்டவர்க்கெனத் தனியொரு பதக்கம் உடனே பிறக்கவில்லை. 1851ஆம் ஆண்டுதான், 1803 முதல் 1826 வரையிலான போர்களுக்கென இந்தியப் படைப் பதக்கம் ஒன்று அறிவிக்கப்பட்டது. சீதாபல்டி என்னும் பெயர் பொறித்த பட்டையும் அதில் உண்டு. ஆனால் உயிரோடிருந்து உரிமை கோரியவர்க்கே பதக்கம் உரியது. 1817இல் இருபது வயதினனாக இருந்தவனுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. உள்நாட்டுச் சிற்றூர்களில் முதுமையடைந்து கிடந்த சிப்பாய்க்கு அந்த அறிவிப்பு எட்டுவது எங்ஙனம்? தகுதி இருந்தும் செய்தி எட்டாமையால் இழந்தவர் எத்தனை பேரோ! இன்றும் நம்மிடையே நிகழ்வது இதுவே.

வேலூரில் மாண்டவர் கணக்கோ வேறு. ஆங்கிலேயர் ஏட்டில் அவர்கள் கலகக்காரர். விடுதலை பெற்ற இந்தியா அந்தத் தீர்ப்பைத் திருத்தியது. 2006ஆம் ஆண்டு, இருநூறாண்டு நிறைவில், இந்திய அரசு வேலூர்ப் புரட்சிக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. சீதாபல்டியில் நின்றவர்க்கு எண் திரும்ப ஓராண்டு போதுமாயிருந்தது. வேலூரில் வீழ்ந்தவர்க்கு மதிப்புத் திரும்ப இரு நூற்றாண்டுகள் ஆயின. எழுதுகோல் எவர் கையில் இருக்கிறதோ அவர் விருப்பமே முதலில் ஏடாகிறது. திருத்தம் பின்னரே வருகிறது.

விருதுகளின் வாயிலும் மெல்லவே திறந்தது. இந்தியச் சிப்பாயின் தனிவீரத்திற்கெனக் கும்பினி 1837இல் தகுதி விருது ஒன்றை ஏற்படுத்தியது. விக்டோரியா கிராஸ் 1856இல் தோன்றியபோதிலும், இந்தியப் படையினர் அதற்கு உரியர் என 1911ஆம் ஆண்டிலேதான் அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1914 அக்டோபர் 31ஆம் நாள், பெல்ஜியம் நாட்டுக் களத்தில் சிப்பாய் குதாதாத் கான் காட்டிய வீரத்திற்காக அது வழங்கப்பட்டது. அதற்கு முந்திய ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அதற்குரிய வீரம் நம்மவரிடம் இல்லை என்றா பொருள்? பட்டியலில் பத்தி இல்லை என்பதே பொருள்.

ஏடுகள் வஞ்சத்தால் மட்டும் குறைபடுவதில்லை, நெருப்பாலும் குறைபடும். 1940ஆம் ஆண்டு இலண்டன் மீது விழுந்த குண்டுகளால் முதல் உலகப் போரின் பிரிட்டானியப் படைவீரர் ஏடுகளில் பெரும்பகுதி எரிந்தது. 1973 ஜூலை 12ஆம் நாள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மூண்ட தீயில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட படைப்பணி ஏடுகள் அழிந்தன. அந்நாட்டார் சோர்ந்து விடவில்லை. சம்பளக் கணக்கு, மருத்துவமனைக் குறிப்பு, பிரிவின் நாளேடு ஆகியவற்றைத் திரட்டிப் பழைய வீரர்களின் பணி வரலாற்றை மீண்டும் எழுதித் தருகின்றனர். பொதுநலநாட்டுப் போர்க்கல்லறை ஆணையமும் 2021ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களுள் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சுட்டி நினைவுகூரப்படவில்லை என அதில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறாண்டு கடந்தும் ஏட்டைத் திருத்தலாம் என்பதற்கு இவை சான்றுகள்.

இனி நம் வீட்டு நிலைக்கு வருவோம். விடுதலைக்குப் பின் நம் படையில் பணியாற்றியவர்க்குரிய பதக்கங்கள் பல. 1965ஆம் ஆண்டுப் போருக்குச் சமர் சேவா நட்சத்திரமும் ரக்ஷா பதக்கமும்; 1971ஆம் ஆண்டுப் போருக்குக் கிழக்கில் பூர்வி நட்சத்திரம், மேற்கில் பஸ்சிமி நட்சத்திரம், அவற்றோடு சங்கிராம் பதக்கம்; 1972இல் விடுதலை வெள்ளிவிழாப் பதக்கம்; நீண்ட பணிக்கு ஒன்பது, இருபது, முப்பது ஆண்டுப் பதக்கங்கள். வீரவிருது அரசிதழில் வெளியாவதால் பெரும்பாலும் மறைவதில்லை. போர்ப்பணிப் பதக்கமோ பிரிவின் அலுவலக ஆணை வழியாக ஏட்டில் ஏறவேண்டியது. வேறொரு பிரிவிற்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டவர், காயமுற்று மருத்துவமனையில் கிடந்தவர், பதக்கம் அறிவிக்கப்படுமுன் ஓய்வுபெற்றவர் ஆகியோர் ஏட்டில் அந்த ஆணை ஏறாமற் போவதுண்டு. நம் பெயர்களே மற்றொரு இடையூறு. முகம்மது என்னும் ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகின்றனர்! தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நின்றால், எழுத்தர் கண்ணுக்கு ஒருவர் இருவர் ஆகிவிடுவார்.

திருத்தம் வேண்டுவோர் முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பதக்கங்களுக்குரிய பத்தியைப் படித்துப் பார்க்கவேண்டும். படை எண், பிரிவின் பெயர், பணியாற்றிய இடம், காலம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு விண்ணப்பிக்கவேண்டும். சென்னை ரெஜிமெண்டுக்கு அது வெலிங்டனில் உள்ளது. சென்னைப் பொறியாளர் படைக்குப் பெங்களூரில். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாகவும் அனுப்பலாம். பழைய கடிதம், நிழற்படம், உடன் பணியாற்றியவரின் உறுதிமொழி ஆகியவை துணைச் சான்றுகள். நியாயம் கிடைக்காவிடில், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு.

காலந்தாழ்த்தல் ஆகாது. ஓய்வூதியம் பெறாதவரின் பணி ஏடுகள் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படும் என்பது படை விதி. நீள்பட்டியலில் உள்ள சுருக்கக் குறிப்பே எஞ்சும். உடன் பணியாற்றியவரும் ஒவ்வொருவராக மறைகின்றனர்.

இத்தகைய பதக்கத்தால் ஓய்வூதியம் உயர்வதில்லை என்று சிலர் சொல்லுவர். அது மெய்யே. சீதாபல்டிச் சிப்பாய்க்கும் எண் திரும்பியதால் சம்பளம் உயர்ந்திருக்குமென்று தோன்றவில்லை. எனினும் அவன் கேட்டான், கேட்டதனால் பெற்றான், பெற்றதனால் இன்று நாம் அவனைப் பற்றிப் பேசுகிறோம். வீட்டுப் பெட்டியில் உறங்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை மக்கள் எடுத்து, வாப்பாவையோ பாட்டனாரையோ அருகில் அமர்த்தி, அவர் நின்ற களங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சொல்ல அவர் இருக்கும்போதே எழுத வேண்டிய ஏடு அது.