இரும்புசார் மீக்கடத்திகள்: எலக்ட்ரான் ஒழுங்கும் அழுத்தமும்

காந்தத்தன்மை மீக்கடத்தலைக் கெடுக்கும் என்ற எண்ணத்தால், மின்தடையற்ற பொருளை இரும்புச் சேர்மங்களில் தேடியவர்கள் நெடுங்காலம் குறைவு. ஜப்பானின் ஹிதியோ ஹொசோனோ குழு 2006-இல் ஒரு பாஸ்பரஸ் சேர்மத்தையும், 2008-இல் 26 கெல்வினில் மீக்கடத்தும் ஆர்சனிக் சேர்மத்தையும் கண்டது. பின்னதை வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் நாற்பதாயிரம் மடங்கு, அதாவது 4 கிகாபாஸ்கல், அழுத்தியபோது மீக்கடத்து வெப்பநிலை 43 கெல்வினாக உயர்ந்தது.

அழுத்தம் உள்ளே எதைக் குலைக்கிறது என்பதற்கு நல்ல சான்று பேரியம் இரும்பு ஆர்சனைடு. சுமார் 140 கெல்வினுக்குக் கீழே அதன் அணித்தளம் ஒரு திசையில் சற்றே நீள, இரும்பு அணுக்களின் காந்தத் திசைகள் வரிசையாக ஒழுங்குபடுகின்றன. பொட்டாசியம் கலந்து இந்த ஒழுங்கைக் குலைத்தால் 38 கெல்வின் வரை மீக்கடத்தல் கிடைக்கிறது. ஆனால் கலப்பு எலக்ட்ரான் எண்ணிக்கையையும் மாற்றிவிடும். அழுத்தத்தில் அந்தக் குழப்பம் இல்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஆவதேஷ் மணி, பாரதி, சுந்தர் முதலியோர் 7 கிகாபாஸ்கல் வரை அழுத்திப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். பல்படிக மாதிரியில் மின்தடை சரிந்ததே தவிர சுழியைத் தொடவில்லை. ஒற்றைப் படிகத்தில் தொட்டது. காந்த ஒழுங்கு மறைந்த சுமார் 1.5 கிகாபாஸ்கலிலேயே மீக்கடத்து வெப்பநிலையும் உச்சம் கண்டது.

1.5 கிகாபாஸ்கல் என்ற இந்த எண்ணுக்கு மறுப்பு உண்டு. எல்லாப் பக்கமும் சீராக அழுத்திய ஜப்பானிய ஆய்வில் மீக்கடத்தலுக்கு 10 கிகாபாஸ்கலுக்கு மேல் தேவைப்பட்டது. இதை ஒத்த கால்சியம் இரும்பு ஆர்சனைடை ஹீலியத்தில் வைத்துச் சீராக அழுத்தியபோது மீக்கடத்தலே தோன்றவில்லை. ஆயினும் இவை ஒழுங்குக்கும் மீக்கடத்தலுக்கும் உள்ள தொடர்பை மறுப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. அணித்தளத்தின் வடிவோடு பிணைந்த ஒழுங்கை, ஒரு திசையில் கூடுதலாக விழும் அழுத்தம் சீரான அழுத்தத்தைவிட விரைவில் கலைப்பது இயல்பே.

மீக்கடத்தலுக்கு ஒழுங்கு வெறும் பகை என்பதும் முழு உண்மையாகாது. 2008-இல் தைவானில் மீக்கடத்தியாக அறியப்பட்ட இரும்பு செலினைடில், சுமார் 90 கெல்வினுக்குக் கீழே, காந்த ஒழுங்கின்றியே எலக்ட்ரான்கள் ஒரு திசையைச் சார்கின்றன. இது நெமாட்டிக் ஒழுங்கு. அழுத்தம் இதை அழித்தாலும் காந்த ஒழுங்கு ஒன்றை எழுப்புகிறது. அதுவும் ஒடுங்கும் 6 கிகாபாஸ்கல் வாக்கில் மீக்கடத்து வெப்பநிலை 8 கெல்வினிலிருந்து 38 ஆகிறது. ஒடுங்கும் ஒழுங்கின் ஏற்ற இறக்கங்களே எலக்ட்ரான்களை இணைசேர்க்கின்றன என்பது பலரின் கருத்து. கந்தகம் கலந்த செலினைடில் இவ்விரு ஒழுங்குகளும் அழுத்தத்தில் தனித்தனியே பிரிகின்றன. அங்கே, 2017-இல் வெளிவந்த ஆய்வின்படி, 30 கெல்வினைத் தாண்டிய மீக்கடத்தல் காந்த ஒழுங்கின் எல்லையை ஒட்டியே அமைந்தது.